பச்சிளங்குழந்தையின் நடுக்கமும் இரத்தப் பரிசோதனையும்

பிறந்து சில மணி நேரமோ சில நாட்களோ ஆன குழந்தையின் கை, கால், தாடை ஆகியவை விரைவாகவும் ஒரே சீராகவும் நடுங்குவது மகப்பேற்றுப் பிரிவுகளில் அன்றாடம் காணப்படும் காட்சி. அதைக் கண்டவுடன் குதிகாலில் ஊசி குத்திச் 'சுகர் பார்ப்பது' அதே அளவுக்கு அன்றாடமான மருத்துவ வழக்கம். இவ்வழக்கத்துக்கு நியாயம் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை குறைந்து, அது கவனிக்கப்படாமல் நீடித்தால், மூளை நிலையான சேதம் அடையக்கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நடுக்கம் என்பது நோயுற்ற குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஸ்டீவன் பார்க்கரும் அவருடைய சகாக்களும் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வில், நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான 936 குழந்தைகளுள் 44 விழுக்காட்டினரிடம் ஏதோ ஓர் அளவில் நடுக்கம் காணப்பட்டது. ஏறத்தாழ பாதிக் குழந்தைகளிடம் காணப்படும் ஓர் அசைவை நோயின் அறிகுறியாக எப்போது கொள்வது, எந்தப் பரிசோதனையை எந்த வரிசையில் செய்வது, வந்த எண்ணை எப்படிப் படிப்பது என்ற கேள்விகள் அதனால்தான் இன்றும் முழுமையாகத் தீரவில்லை.

இத்தகைய நடுக்கம் ஒரு மையக்கோட்டின் இருபுறமும் சம அளவில் ஊசலாடும் அசைவாகும். ஓசை, தொடுதல், ஆடையைக் களைதல் போன்ற தூண்டல்களால் அது தோன்றும் அல்லது மிகும். நடுங்கும் கையை மெல்ல மடக்கிப் பிடித்தால் நின்றுவிடும். வலிப்பிலோ அசைவுக்கு வேகமான ஒரு பகுதியும் மெதுவான ஒரு பகுதியும் இருக்கும். பிடித்தாலும் அது கைக்குள் தொடர்ந்து துடிக்கும். கண்கள் ஒருபுறம் இழுத்துக்கொள்வதும் வெறித்து நிலைப்பதும், உதடு சப்புவதும், மூச்சு தடைப்படுவதும், இதயத் துடிப்பு மாறுவதும் உடன் வரலாம். 'தூக்கித் தூக்கிப் போடுகிறது' என்று வீட்டார் சொல்லும்போது அது இவ்விரண்டில் எதையும் குறிக்கலாம். சத்தத்துக்குக் கைகளை விரித்து அதிரும் இயல்பான அனிச்சைச் செயலையும் குறிக்கலாம். ஆகவே கேட்டறிவதோடு நில்லாமல் நேரில் பார்ப்பதும், இயலாதபோது கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்வதும் தேவையாகிறது. ஆரோக்கியமான குழந்தையிடம் இந்நடுக்கம் ஏன் தோன்றுகிறது என்பதற்கு, தசை அசைவை அடக்கி ஆளும் தண்டுவட நரம்பணுக்கள் இன்னும் முதிராமையும், பிறப்பின் அழுத்தத்தில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் இரத்தத்தில் உயர்வதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

ஊசிக்கு முன்னரே செய்யத்தக்க ஓர் எளிய சோதனை 1989-இல் 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் டிசீஸ் இன் சைல்டுஹுட்' இதழில் இஸ்ரேலிய மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது. கைகழுவிய விரலைக் குழந்தையின் வாயில் வைத்துச் சப்பச் செய்தால், தீங்கற்ற நடுக்கம் அந்தக் கணமே அடங்கும். விரலை எடுத்தால் திரும்பும். சப்பும்போதும் நிற்காத நடுக்கமுள்ள குழந்தைகளிடமே சர்க்கரைக் குறைவும் கால்சியக் குறைவும் பெரும்பாலும் கண்டறியப்பட்டன. இச்சோதனை இரத்தப் பரிசோதனைக்கு மாற்று அன்று. சப்பி அடங்கிய நடுக்கத்தை நம்பி, நீரிழிவுள்ள தாயின் குழந்தைக்குச் சர்க்கரை பாராமல் விடுவது பிழையாகும். ஆனால் ஆபத்துக் காரணி எதுவும் இல்லாத, நன்றாகப் பால் குடிக்கும், விழிப்போடு அழும்போது மட்டும் நடுங்கும் குழந்தைக்கு எத்தனை குழாய் இரத்தம் எடுப்பது என்ற முடிவில் அதற்கு இடமுண்டு. ஆண்டுகள் பல கடந்தும் இது பாடநூல்களின் ஓர் ஓரத்திலேயே தங்கிவிட்டது என்பது வியப்புக்குரியது.

இரத்தப் பரிசோதனைகளுள் முதலாவது சர்க்கரை என்பதில் கருத்து வேறுபாடில்லை. எந்த அளவைக் குறைவு என்பது என்பதில்தான் வேறுபாடு முழுவதும் அடங்கியுள்ளது. 1959-இல் மார்வின் கார்ன்பிளாத்தும் அவருடைய சகாக்களும் சிகாகோவில், முன்சூல்வலிப்பு நோயுற்ற தாய்மார்களுக்குப் பிறந்த எட்டுக் குழந்தைகளிடம் சர்க்கரைக் குறைவு அறிகுறிகளோடு வெளிப்பட்டதை விவரித்தபோது, பிறந்த குழந்தைக்குக் குறைந்த சர்க்கரை இயல்பே, தீங்கற்றதே என்று அதுவரை நிலவிய எண்ணம் ஆட்டம் கண்டது. அதன்பின் எல்லை எண்ணைத் தேடும் முயற்சி முப்பது ஆண்டுகளில் எங்கே வந்து நின்றது என்பதை 1988-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் கணக்கெடுப்பு காட்டியது: பாடநூல்களிலும் மருத்துவர்களின் விடைகளிலும் அந்த எல்லை லிட்டருக்கு 1 மில்லிமோல் முதல் 4 மில்லிமோல் வரை, அதாவது ஒரு டெசிலிட்டர் (நூறு மில்லிலிட்டர்) இரத்தத்துக்கு 18 மில்லிகிராம் முதல் 72 மில்லிகிராம் வரை பரவிக் கிடந்தது. அதே ஆண்டில் ஆலன் லூகாஸ் குழுவினர், குறைமாதத்தில் பிறந்த 661 குழந்தைகளை ஆராய்ந்து, 2.6 மில்லிமோலுக்கு (ஏறத்தாழ 47 மில்லிகிராம்) கீழே பல நாட்கள் சர்க்கரை இருந்தவர்களிடம் 18 மாதத்தில் வளர்ச்சி மதிப்பெண்கள் குறைந்திருந்ததாகத் தெரிவித்தனர். குறைமாதக் குழந்தைகளிடம் பல நாள் நீடித்த குறைவைப் பற்றிய அந்தக் கண்டுபிடிப்பு, நிறைமாதக் குழந்தையின் ஒரே ஒரு அளவீட்டுக்கும் பொருந்தும் எல்லையாக உலகெங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. குறைமாதக் குழந்தைகளின் வேறொரு குழுவைப் பதினைந்து வயது வரை தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வொன்று 2012-இல் அத்தகைய வேறுபாடு எதையும் காணவில்லை என்பது அந்த எண்ணின் செல்வாக்கை அவ்வளவாகக் குறைக்கவில்லை.

எண் ஏன் பிடிகொடுப்பதில்லை என்பதற்குப் பிறப்பின் உடலியலே விடை தருகிறது. கருவிலிருக்கும்போது தாயின் சர்க்கரை நச்சுக்கொடி வழியே இடையறாது வந்துகொண்டிருக்கும். கொடி வெட்டப்பட்டதும் அந்த வரத்து நிற்க, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை தாழ்ந்து, பின்னர் கல்லீரலின் சேமிப்பாலும் சீம்பாலாலும் மெல்ல ஏறுகிறது. இந்தத் தாழ்வு நோயன்று. நியூசிலாந்தில் ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தைகளை முதல் ஐந்து நாட்கள் தொடர்ந்து அளந்து 2020-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 39 விழுக்காட்டினருக்கு ஒரு முறையேனும் சர்க்கரை 47 மில்லிகிராமுக்குக் கீழே சென்றது. பார்க்கரின் 44 விழுக்காட்டை இந்த 39 விழுக்காட்டின் அருகே வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். இவ்வளவு பரவலான இரு நிகழ்வுகள், ஒன்றுக்கு மற்றொன்று காரணமாகாமலேயே, ஒரே குழந்தையிடம் அடிக்கடி சந்திக்கும். நடுங்கும் குழந்தையின் சர்க்கரை 43 எனக் காணப்பட்டால், அந்த 43 நடுக்கத்துக்குக் காரணமா, அல்லது வெறுமனே உடனிருக்கிறதா என்பதை எண் தானாகச் சொல்லாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதல் நான்கு மணி நேரத்தில் அறிகுறி எதுவும் இல்லாத, ஆபத்துக் காரணியுள்ள குழந்தைக்கு, பால் கொடுத்த பின்னரும் சர்க்கரை 25-க்குக் கீழே இருந்தால்தான் நரம்பு வழி குளுக்கோஸ். அறிகுறி இருந்தாலோ 40-க்குக் கீழே என்றவுடனேயே நரம்பு வழி குளுக்கோஸ். மூன்று மணி நேரக் குழந்தையொன்றின் சர்க்கரை 36 எனக் கொள்வோம். அதன் கை நடுக்கம் இயல்பானது எனக் கருதப்பட்டால் அது தாயின் மார்பிலேயே இருந்து பால் குடிக்கும். அறிகுறி எனக் கருதப்பட்டால் கையில் ஊசி ஏற்றப்பட்டுத் தீவிரப் பிரிவுக்குச் செல்லும். ஆக, குழந்தையின் போக்கைத் தீர்மானிப்பது ஆய்வகத்தின் எண்ணைவிடப் படுக்கையருகே நடுக்கத்தைப் பார்த்தவரின் கணிப்பே. 2015-இல் அமெரிக்கக் குழந்தை நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம், முதல் 48 மணி நேரத்துக்கு 50-க்கு மேலும், அதன்பின் 60-க்கு மேலும் என்று இலக்கை உயர்த்தியது. பிரிட்டிஷ் பேறுகால மருத்துவச் சங்கம் 2017-இல் அறிகுறியற்ற குழந்தைக்கு 36 என்னும் தாழ்ந்த எல்லையையும், அறிகுறியுள்ள குழந்தைக்கு 45 என்பதையும் வைத்தது. இந்தியப் பயிற்சி நூல்களில் பொதுவாக 45 என்ற எண்ணே நிலைபெற்றுள்ளது. நெதர்லாந்தில் 689 குழந்தைகளிடம் 36, 47 என்ற இரு எல்லைகளை ஒப்பிட்டு 2020-இல் வெளிவந்த ஆய்வு, 18 மாத வளர்ச்சியில் தாழ்ந்த எல்லை பின்தங்கவில்லை எனக் கண்டது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் அறிகுறியற்ற, மற்றபடி ஆரோக்கியமான குழந்தைகள். நடுங்கும் குழந்தைக்கு அந்த ஆறுதலை நேரடியாக எடுத்துச் செல்ல இயலாது.

எல்லை எண்ணைப் பற்றி இவ்வளவு வாதம் நிகழ்ந்துகொண்டிருக்க, அளவீடே எவ்வளவு நம்பத்தக்கது என்பது குறைவாகவே பேசப்படுகிறது. குளுக்கோமீட்டர் பெரியவர்களின் நீரிழிவைக் கண்காணிக்க உருவாக்கப்பட்ட கருவி. சர்க்கரை 100-க்குக் கீழே இருக்கும்போது 95 விழுக்காட்டு அளவீடுகள் உண்மையான மதிப்பிலிருந்து 15 மில்லிகிராம் வரை விலகுவதை 2013-ஆம் ஆண்டின் சர்வதேசத் தர அளவுகோல் ஏற்கிறது. 250 உள்ள நோயாளிக்கு அது பொருட்டன்று. ஆனால் ஸ்ட்ரிப் 45 என்று காட்டும்போது உண்மையான அளவு 30 முதல் 60 வரை எதுவாகவும் இருக்கக்கூடும் என்பது பச்சிளங்குழந்தையின் நிலை. சிவப்பணுக்கள் மிகுந்த இரத்தத்தில் பல ஸ்ட்ரிப்புகள் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். பிறந்த குழந்தையின் இரத்தமோ இயல்பிலேயே சிவப்பணு மிகுந்தது. முழு இரத்தத்தின் சர்க்கரை, அணுக்களை நீக்கிய பிளாஸ்மாவைவிட 10 முதல் 15 விழுக்காடு குறைவாக இருக்கும் என்பதும், எந்த எல்லை எந்த வகை இரத்தத்துக்கு உரியது என்பதும் நினைவில் இருக்க வேண்டியவை.

எடுக்கும் முறையிலும் பிழை புகும். குளிர்ந்து நீலம் பாரித்த பாதத்தை முதலில் வெதுவெதுப்பாக்க வேண்டும். குதிகாலின் பின்வளைவை விட்டு, பாதத்தின் அடிப்புறத்தில் உள் ஓரத்திலோ வெளி ஓரத்திலோ, 2.4 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் குத்த வேண்டும். துடைத்த ஸ்பிரிட் முழுதும் உலர்ந்திருக்க வேண்டும். முதல் துளியைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுத் தானே திரண்டு வரும் அடுத்த துளியை ஸ்ட்ரிப்பில் தொடவைக்க வேண்டும். துளி வரவில்லை என்று குதிகாலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து இரத்தம் நீர்த்துப்போகும். சிவப்பணுக்கள் உடைந்து பிற அளவீடுகளும் கெடும். ஆய்வகத்துக்கு அனுப்பப்படும் மாதிரியின் கதை வேறு. குழாயில் இருக்கும்போதே அணுக்கள் சர்க்கரையை எரித்துக்கொண்டிருப்பதால், அறை வெப்பத்தில் மணிக்கு 6 மில்லிகிராம் வரை அது குறையலாம். இதைத் தடுக்கச் சேர்க்கப்படும் ஃபுளோரைடு, சர்க்கரை சிதையும் வினைத்தொடரின் கடைசிப் படிகளில் ஒன்றையே தடுப்பதால், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முழுப் பயன் தருவதில்லை. வார்டிலிருந்து ஆய்வகம் தொலைவில் இருந்து, மாதிரிகள் மொத்தமாக எடுத்துச் செல்லப்படும் மருத்துவமனையில், இல்லாத சர்க்கரைக் குறைவு தாளில் தோன்றுவதற்கு இதுவே போதும். எனினும் ஆய்வக முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைப்பது கூடாது. ஸ்ட்ரிப் குறைவு எனக் காட்டினால், உறுதிப்படுத்தும் மாதிரியை எடுத்துவிட்டு உடனே சிகிச்சையைத் தொடங்குவதே ஏற்கப்பட்ட முறை. ஓரிரு துளி இரத்தத்தில் சர்க்கரை, அயனிக் கால்சியம், சோடியம், பொட்டாசியம், அமிலத்தன்மை ஆகியவற்றைச் சில நிமிடங்களில் தரும் இரத்த வாயுப் பகுப்பாய்வி இருக்குமிடத்தில் இந்தச் சங்கடம் பெருமளவு தீர்கிறது.

சர்க்கரை இயல்பாக இருந்தும் நடுக்கம் நீடித்தால் அடுத்து பார்க்கப்படுவது கால்சியம். நரம்பின் தூண்டப்படும் தன்மையைக் கட்டுக்குள் வைப்பது, புரதத்தோடு பிணையாமல் இரத்தத்தில் தனித்து உலவும் அயனிக் கால்சியமே. மொத்தக் கால்சியத்தில் ஏறத்தாழ பாதியே அது. நிறைமாதக் குழந்தைக்கு மொத்தக் கால்சியம் 8 மில்லிகிராமுக்கும் அயனிக் கால்சியம் 4.4 மில்லிகிராமுக்கும் கீழே செல்வது குறைவு எனக் கொள்ளப்படுகிறது. முதல் மூன்று நாட்களில் தோன்றும் குறைவு, குறைமாதப் பிறப்பு, பிறப்பின்போது மூச்சுத் திணறல், தாயின் நீரிழிவு ஆகியவற்றைச் சார்ந்தது. பெரும்பாலும் தானே சீராகும். முதல் வார இறுதியை ஒட்டித் தோன்றும் குறைவே கூடுதல் கவனத்துக்குரியது. தாய்ப்பாலைவிடப் பல மடங்கு பாஸ்பரஸ் கொண்ட பசும்பாலைக் குடிக்கும் குழந்தையின் முதிராத சிறுநீரகம் அதை வெளியேற்ற இயலாமல் தவிக்க, உயர்ந்த பாஸ்பேட் கால்சியத்தைத் தாழ்த்துகிறது. தாயிடம் உயிர்ச்சத்து டி குறைவாக இருந்தால் இந்த நிலை மேலும் கெடும். வெயிலுக்குக் குறைவில்லாத இந்தியாவில் கருவுற்ற பெண்களிடம் அச்சத்துக் குறைபாடு பரவலாக உள்ளது என்பது பல ஆய்வுகள் உறுதிசெய்த முரண்.

கால்சியப் பரிசோதனைக்கும் ஒரு பொறி உண்டு. இரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈடிடிஏ என்னும் வேதிப்பொருள், கால்சியத்தைப் பிடித்து வைப்பதன் மூலமே இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. அது பொட்டாசியம் உப்பாகச் சேர்க்கப்படுகிறது. எடுத்த இரத்தம் குறைவாக இருக்கிறதென்று அந்தக் குழாயிலிருந்து சிறிதளவு மற்றொரு குழாய்க்கு ஊற்றப்பட்டால், கால்சியம் அபாயகரமாகத் தாழ்ந்தும் பொட்டாசியம் அபாயகரமாக உயர்ந்தும் முடிவு வரும். குழந்தை நன்றாக இருக்க, இவ்விரண்டும் ஒரே தாளில் சேர்ந்து வந்தால், சிகிச்சைக்கு முன் சந்தேகிக்க வேண்டியது குழாயை. நரம்பு வழியே செலுத்தும் கால்சியம், இதயத் துடிப்பை மந்தப்படுத்துவதும், நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலைக் கருக்குவதும் ஆன மருந்து என்பதால் இந்த எச்சரிக்கை அவசியம். உண்மையிலேயே குறைந்த கால்சியம் மருந்துக்குக் கட்டுப்படாமல் அடம்பிடித்தால், மெக்னீசியத்தைப் பார்க்க வேண்டும், அது 1.5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும்போது கால்சியத்தை உயர்த்தும் பாராதைராய்டு சுரப்பு வெளிப்படுவதும் வேலை செய்வதும் தடைப்படுவதால், மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் கால்சியத்தை எவ்வளவு கொடுத்தும் பயனில்லை.

சில வேளைகளில் குழந்தையின் நடுக்கத்துக்கான விடை தாயின் இரத்தத்தில் கிடைக்கிறது. பாராதைராய்டு சுரப்பி மிகையாக இயங்கும் தாயின் உயர்ந்த கால்சியம் நச்சுக்கொடி வழியே சென்று கருவின் அதே சுரப்பியை அடக்கி வைப்பதால், பிறந்த பின் குழந்தையின் கால்சியம் சரிகிறது. தாய்க்கு நோய் இருப்பதே குழந்தையின் நடுக்கத்தைத் தேடிச் சென்றபோது முதன்முதலாகத் தெரியவந்த நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. கிரேவ்ஸ் நோயுள்ள தாயின் எதிர்ப்புரதம் குழந்தையின் தைராய்டைத் தூண்டி, நடுக்கத்தையும் படபடப்பையும் எடைக் குறைவையும் உண்டாக்கலாம். நீரிழிவின் தொடர்போ இவற்றைவிட மிகப் பரவலானது. சென்னையின் டாக்டர் வீ. சேஷய்யாவும் சகாக்களும் தமிழ்நாட்டில் நடத்தி 2008-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், கர்ப்பகால நீரிழிவு நகர்ப்புறத்தில் 17.8 விழுக்காடும், சிறுநகர்ப் பகுதிகளில் 13.8 விழுக்காடும், கிராமங்களில் 9.9 விழுக்காடும் காணப்பட்டது. உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கச் செய்து இரண்டு மணி நேரம் கழித்து 140 மில்லிகிராம் என்ற எல்லையில் பார்க்கும் முறை அக்குழுவினரால் பரவலாக்கப்பட்டது. தாயின் மிகுந்த சர்க்கரைக்கு ஈடுகொடுத்துப் பழகிய குழந்தையின் கணையம் பிறந்த பின்னும் மிகையாக இன்சுலின் சுரப்பதே அக்குழந்தைகளின் சர்க்கரை சரியக் காரணம். பேறுகால அட்டையில் அந்த 140 பதிவாகியிருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பார்ப்பது, நடுங்கும் குழந்தையின் எந்த இரத்தப் பரிசோதனைக்கும் பொருளைக் கூட்டும். நடுக்கம் தோன்றட்டும் என்று காத்திராமல், நீரிழிவுள்ள தாயின் குழந்தை, எடை மிகுந்த அல்லது குறைந்த குழந்தை, சற்றே முன்னதாகப் பிறந்த குழந்தை ஆகியோருக்கு முதல் 12 முதல் 24 மணி நேரம் அட்டவணைப்படி அளப்பதும் இதே காரணத்தால்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிவப்பணுக்களின் பங்கு சிரை இரத்தத்தில் 65 விழுக்காட்டைத் தாண்டினால் இரத்தம் தடித்து ஓட்டம் மந்தமாகி நடுக்கம் தோன்றக்கூடும். குதிகால் இரத்தம் இதை மிகைப்படுத்திக் காட்டுமாதலால் சிரையில் எடுத்தே உறுதிசெய்ய வேண்டும். தாய்ப்பால் போதாமல் எடை பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்த குழந்தைக்குச் சோடியம் பார்க்க வேண்டும். சோர்வு, பால் மறுத்தல், உடல் குளிர்தல் ஆகியவை சேர்ந்திருந்தால் கிருமித் தொற்றுக்கான பரிசோதனைகளைத் தள்ளிப்போட இடமில்லை. மறுபுறம், இரத்தம் விடைதராத நடுக்கங்களும் உள்ளன. தாய் உட்கொண்ட அபின் வகை மருந்துகளோ சில மனச்சோர்வு மருந்துகளோ நின்றதால் வரும் நடுக்கத்தைத் தாயின் மருந்து வரலாறும் குழந்தையின் முதல் மலமும் சிறுநீருமே காட்டும். உறக்கத்தில் மட்டும் தோன்றி விழித்தவுடன் மறையும் தசைத் துடிப்பை நேரம் பார்த்தே அறிய வேண்டும். மூக்கு நுனியைத் தட்டினால் உடல் விறைத்து அதிரும் அரிய மரபுநோய்க்குத் தட்டிப் பார்க்கும் விரலே முதல் பரிசோதனை.

மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்தம் 250 மில்லிலிட்டர் அளவுக்கே இரத்தம் உண்டு; ஒரு கிலோக் குழந்தைக்கு அது 85 மில்லிலிட்டர். எனவே எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்ற மனப்பான்மைக்கு விலையுண்டு, வலியும் உண்டு. இவ்வளவு ஆய்வுகளுக்குப் பின்னும் கைவிடத் தகாதது, 1930-களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் பெரியவர்களின் கணையக் கட்டிகளுக்காக வகுத்த மூன்று நிபந்தனைகள்: அறிகுறி இருக்க வேண்டும், அப்போது சர்க்கரை குறைந்திருக்க வேண்டும், சர்க்கரை உயர்ந்ததும் அறிகுறி மறைய வேண்டும். பச்சிளங்குழந்தையின் நடுக்கத்தில் முதல் இரண்டு நிபந்தனைகள் தற்செயலாகவே கூடிவிடலாம் என்பதால் மூன்றாவதே முடிவானது. ஆயினும் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அதுவே. குளுக்கோஸ் ஏறியபின் ஸ்ட்ரிப்பில் 70 வந்ததும் திருப்தியோடு நகர்ந்துவிடாமல், அதே குழந்தையின் ஆடையைத் தளர்த்தி, அதே கை இன்னும் நடுங்குகிறதா என்று மீண்டும் பார்த்து, நேரத்தோடு குறித்து வைக்க வேண்டும். நடுக்கம் நின்றிருந்தால் சர்க்கரையே காரணம் எனக் கொண்டு, அது மீண்டும் சரியாமல் காக்கலாம். தாராளமாகக் குளுக்கோஸ் செலுத்தியும் சர்க்கரை திரும்பத் திரும்பச் சரிந்தால், சரிந்திருக்கும் அந்த நேரத்திலேயே இன்சுலின், கார்டிசால், வளர்ச்சிச் சுரப்பு, கீட்டோன் ஆகியவற்றுக்கு இரத்தம் எடுக்க வேண்டும். சர்க்கரை உயர்ந்தபின் எடுத்த மாதிரி பயன்படாது. சர்க்கரை இயல்புக்கு வந்தும் நடுக்கம் அப்படியே இருந்தால், கால்சியத்துக்கும் தாயின் வரலாற்றுக்கும் செல்ல வேண்டும். அவையும் இயல்பாக இருந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்து, விரலைச் சப்பும்போது நடுக்கம் அடங்கினால், மேலும் குத்துவதற்குக் காரணமில்லை. பிறந்த முதல் மாதத்தைக் கடந்தும் நீடித்த இத்தகைய நடுக்கத்தைத் தொடர்ந்து கவனித்த இஸ்ரேலிய ஆய்வொன்று 1991-இல் வெளிவந்தது. அக்குழந்தைகளுக்கு அது முதல் ஆண்டுக்குள் தானே மறைந்து, பெரும்பாலோரின் வளர்ச்சி மூன்று வயதில் இயல்பாக இருந்தது.